சரளைக்கு அடியில் ஈரம்

கணவரின் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்த பிறகுதான் அவள் கெட்டிலை எடுப்பாள். அடி கறுத்துப்போய் அடுப்பிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய கெட்டில். மூக்கு மட்டும் நல்ல நீளம். முன்படிக்கும் மதிலுக்கும் நடுவே சரளை பரப்பிய துண்டு நிலத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செடியைச் சுற்றியிருக்கும் கற்களை ஒவ்வொன்றாக ஒதுக்குவாள். கீழே வெளுத்த மண் தெரிந்ததும் மூக்கை அதில் வைத்துச் சாய்ப்பாள். மண் சத்தமில்லாமல் குடிக்கும். பிறகு கற்களைப் பழையபடி பரப்புவாள், காய்ந்த பக்கம் மேலே இருக்கும்படி. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு தொழிற்சாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

யாராவது பார்த்துவிட்டால்? பார்த்தால் என்ன, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். மழை எட்டிப்பார்க்காத இந்த ஊரில், குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறவளை நாலு பேர் மெச்சத்தான் செய்வார்கள்.

ஆனால் இந்தச் செடிக்குத் தண்ணீர்தான் ஆகாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். கணவரே சொல்லியிருக்கிறார், ஒரு தடவை இல்லை, கேட்டுக் கேட்டுக் காது புளிக்கும்வரை. இந்த ஊர் மண்ணிலேயே பிறந்த காட்டுச்செடி. கல்லும் வெயிலும் கொடுத்தால் போதும், கம்பி மாதிரி நிற்கும். உரம் போட்டால் கெடும். தண்ணீர் கண்டால் வேர் அழுகும். "இதுக்கு நாம செய்யற ஒரே உபகாரம், இது பக்கம் போகாம இருக்கிறதுதான்" என்று அவர் சிரிப்பார். அவள் காய் நறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

விஷயம் செடி இல்லை. செடிக்கு வரப்போகிற விருந்தாளிகள்.

சில வருடங்களுக்கு முன்னால், அவர் தெருவோரத் தொலைபேசிப் பெட்டிகளில் கம்பி இணைக்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் வழக்கம்போல ஒரு பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. ஒன்றோ இரண்டோதான் கொட்டியது. வேறு யாராவது இருந்தால் உதறிவிட்டு நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். அவர் உடம்பு அதைத் தாங்கவில்லை. தொண்டை அடைத்து, கால் மடங்கி, நடைபாதையிலேயே விழுந்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் காரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது முகம் வீங்கி, ஆள் அடையாளமே தெரியவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. ஊதா நிறத்தில்.

அதற்குப் பிறகு வீட்டில் பூ இல்லை. மதிலில் படர்ந்திருந்த கொடியை அவளே வேரோடு பிடுங்கினாள். ஜன்னல்களுக்கு வலை அடித்தாள். அவருடைய வெள்ளைச் சட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு பூப்போட்டதையெல்லாம் தானம் கொடுத்தாள். அவருக்கு அலுவலகத்தில் நாற்காலி வேலை மாற்றிக் கொடுத்தார்கள். மாடியில் இருந்த நாத்தனார், அவருடைய தங்கை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், வாய் சும்மா இருக்காது. "எங்க அண்ணனுக்குச் செக்யூரிட்டி போட்டாச்சு, சம்பளமில்லாம" என்று தெரு முழுக்கச் சொல்லி, கடைசியில் 'செக்யூரிட்டி அண்ணி' என்ற பெயரே நின்றுவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட.

பார்ப்பதுதான் அவள் தொழிலும். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில், வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்து போகும் காலி பாட்டில்களில் விரிசல் விட்டதையும் குமிழ் விழுந்ததையும் எடுத்துப்போட வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் ஒன்று தப்பிப்போய்விடும். தப்பிப்போன பாட்டில் எங்கேயோ யாருடைய கையிலோ உடையும். அந்தப் பயத்தோடுதான் தினமும் பலகையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வருவாள். வந்ததும் அவரைப் பார்ப்பாள், கழுத்து, காது, உதடு.

நடுவில் வைத்தியம் நடந்தது. தேனீயின் விஷத்தையே துளித்துளியாக ஏற்றி உடம்பைப் பழக்குகிற ஊசி. மாதம் தவறாமல், வருடக்கணக்கில். முடித்த அன்று டாக்டரம்மா சொன்னது ரொம்பத் தெளிவு: இனிமேல் ஒரு கொட்டு அவரைச் சாய்க்காது, பெரும்பாலும். ஆனாலும் அவசர ஊசி வீட்டில் இருக்கட்டும். பேனா மாதிரி இருக்கும் அது, மூடியைக் கழற்றித் தொடையில் குத்தினால் போதும். கணவர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவள் இரண்டாவது பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தும்.

அந்த மாதமே அவர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே மிளகைவிடச் சின்ன விதைகள். ஊரெங்கும் புல்தரையைப் பெயர்த்துவிட்டு, தண்ணீர் கேட்காத உள்ளூர்ச் செடிகளைத் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அதே பெட்டிக்குக் கீழே என்றார். அன்றைக்கு விழுந்து கிடந்தபோது கண் இருட்டுகிறவரை தெரிந்தது அந்த ஊதாப்பூதானாம். "அத ஒழுங்கா ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு. பயமில்லாம" என்றார்.

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை உள்ளேயே நின்றுவிட்டது. அந்த முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் கைக்கு ஒரு வேலை கிடைத்தவனின் களை இருந்தது.

ஈரமணலில் கலந்த விதை டப்பா குளிர்காலம் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. குளிர்ந்து எழுந்தால்தான் முளைக்குமாம். முளைத்தது. முதல் வருடம் பூ இல்லை. தரையோடு ஒட்டிய சாம்பல் பச்சை இலைக்கொத்து மட்டும். அவளுக்கு நிம்மதி. இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். இரண்டாம் வருடம் வெயில் ஏறியதும் கொத்தின் நடுவிலிருந்து தண்டுகள் கிளம்பின.

முதல் தடவை ஊற்றியது வேண்டுமென்று இல்லை. ஆறிப்போன தண்ணீரைக் கெட்டிலோடு வெளியே கொண்டுவந்து கையோடு கொட்டிவிட்டாள், அவ்வளவுதான். சில நாளில் படியோரச் செடி மஞ்சளானது. அவள் நின்று பார்த்தாள். மறுநாள் கெட்டிலை நிரப்பும்போது தான் என்ன செய்யப்போகிறோம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. பாவம் வாடியிருக்கிறது, என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் பொய் சொல்கிறது என்று தெரிந்தே அதற்குத் தலையாட்டினாள். ஒரு செடி செத்தால் ஒரு தேனீ குறையும். கணக்கு அவ்வளவு எளிதாக இருந்தது.

படியோரம் பள்ளம். அங்கே இருந்தவை வேரழுகி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மதிலோரம் மேடு. அங்கே மட்டும் சில தாக்குப்பிடித்தன. கணவர் தினமும் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருப்பார். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி. ஒரு நாள் சரளைக்குள் விரலை விட்டார். எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் சேறு.

"இங்க வா" என்றார். வந்தாள். "பாரு. ஈரம்."

முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு. அவர் அவளைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். அங்கே நாத்தனாரின் துணிக்கொடி, சரளைக்கு நேர் மேலே, கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு நொடியில் அவள் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார், தங்கை இறங்கி வந்துவிட்டாள்.

பேச்சு முற்றியது. தன் துணியெல்லாம் மிஷினில் பிழிந்து பாதி காய்ந்தே வெளியே வருகிறது, சொட்ட எங்கே தண்ணீர் என்று நாத்தனார் கேட்டாள். பூந்தொட்டி இருக்கிறதே என்றார் அவர். அதில் இருப்பது பிளாஸ்டிக் செடி, வந்து கடித்துப் பார் என்றாள் தங்கை. சின்ன வயதிலிருந்தே செய்ததை ஒத்துக்கொள்ளாத ஜென்மம் என்று அவர் ஆரம்பித்து, எங்கெங்கோ போய், செத்துப்போன அப்பாவின் கடிகாரத்தை உடைத்தது யார் என்பதுவரை போனது. கடைசியில் நாத்தனார் குரல் கம்மிவிட்டது.

"ஒரு செடிக்காக என்னைப் பொய் சொல்றவன்னு சொல்றியா, அண்ணா? சரி. கொடிய நாளைக்கே அவுத்துடறேன்."

போகும்போது அண்ணியைப் பார்த்தாள். ஏதாவது ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்த பார்வை. அவள் படியில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கொடி அவிழ்ந்தது. அதோடு கெட்டிலும் நின்றது. குற்ற உணர்ச்சியில்தான் நிறுத்தினாள். இனி ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று கண்ணில் நீர் வர முடிவெடுத்தாள். அதன் விளைவு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில் மண் காய்ந்தது. கணவர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தியா? கொடி போச்சு, ஈரமும் போச்சு" என்றார். தங்கைமேல் விழுந்த பழி கல்வெட்டாகிவிட்டது. சாயங்காலக் காப்பிக்குக் கீழே வருவதை நாத்தனார் நிறுத்திக்கொண்டாள். வேன் சாவியின் சத்தம் மட்டும் படியில் ஏறும், இறங்கும்.

மதிலோரம் மூன்று செடிகள் பிழைத்தன. பிழைத்தவை மற்ற இடங்களில் அந்தச் செடி வளர்கிற மாதிரி வளரவில்லை. குடித்த தண்ணீருக்கெல்லாம் சேர்த்து மடமடவென்று நீண்டு, கொழுத்து, உயரத்துக்குத் தகுந்த உறுதி இல்லாமல் நின்றன. பிறகு ஒரு காலை பூத்துவிட்டன. தண்டு முழுக்க அடுக்கடுக்காக, குழல் மாதிரி நீண்ட பூக்கள், வாய் திறந்து. உள்ளே கோடு கோடாகத் தடம் போட்டிருந்தது, வழி காட்டுகிற மாதிரி. தேனீக்கள் அந்த வழியில் முழு உடம்போடு உள்ளே போய், பின்னங்கால் முதலில் தெரிய வெளியே வந்தன.

அவள் ஜன்னல் வலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

அன்றைக்கு விடுமுறை நாள். காலை வெயில் மதிலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நடுவிலிருந்த தண்டு ராத்திரிக் காற்றில் சாய்ந்து, பூவெல்லாம் சரளையில் படுத்துக் கிடந்தது. கணவர் ஒரு மூங்கில் குச்சியும் சணலும் எடுத்துக்கொண்டு போனார். கையுறை போடச் சொன்னாள். கையுறையோடு முடிச்சு விழாது என்றார். அவள் கதவு நிலையில் நின்றாள். அவர் இடது கையால் குச்சியைப் பிடித்து, வலது கையால் தண்டை மெல்ல நிமிர்த்தி அணைத்தார். விரலுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு பூ நசுங்கியது. பூவுக்குள் ஆள் இருந்தது.

"ஸ்" என்றார். அவ்வளவுதான்.

அவள் எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் கை அவள் கையில் இருந்தது. ஆள்காட்டி விரலுக்குக் கீழே கொடுக்கு, நுனியில் அதன் சின்னப் பை இன்னும் துடித்துக்கொண்டு. நகத்தால் சுரண்டி எறிந்தாள். உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்தாள். பேனா ஊசியை எடுத்து மேஜையில் வைத்தாள். போனை அதன் பக்கத்தில் வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் எதிரே, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அரை மணி நேரம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வருவதானால் அதற்குள் வரும். கொட்டிய இடம் வீங்கினால் பயமில்லை. கொட்டாத இடத்தில் ஏதாவது தெரிந்தால் யோசிக்கவே கூடாது. தடிப்பு, முகம் சிவப்பது, உதடு, மூச்சு.

"வயித்தக் காட்டுங்க."

காட்டினார். ஒன்றுமில்லை.

"முழுங்க முடியுதா?"

"முடியுது. பாட்டில் பாக்கற மாதிரி பாக்காத. விரிசல் இல்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார். ஆனால் அவர் நெற்றியிலும் வியர்வை இருந்தது. அவருக்கும் பயம் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் பயத்தைத் தானே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, அவருக்கு அதில் பங்கே இல்லை என்று நினைத்திருந்தாள். கை வீங்க ஆரம்பித்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. அது கொட்டிய இடம். அது பரவாயில்லை.

சுவர்க் கடிகாரம் நகர்வதாகவே தெரியவில்லை. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தினூடே அவர் மூச்சைக் கேட்க அவள் தலையைச் சாய்த்து முன்னால் குனிந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் போய்த் திரும்பி வருகிறவரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு செடியும் சாஞ்சிருச்சு, பாத்தியா" என்றார் அவர், பேச வேண்டுமே என்று பேசுகிறவர் மாதிரி. "கல்லுல நிக்கற செடி. அதுக்கு எவனும் குச்சி நட்டதில்ல. அந்தத் தண்ணி, அந்தத் தண்ணியில கொழுத்ததுதான் இப்படி தலை கனத்து விழுது. நேரா நின்னிருந்தா நான் ஏன் அதத் தொடப்போறேன்? இவளுக்கு இருக்கு. மேல போய் கைய காட்டி, உன்னாலதான்டின்னு—"

அவர் சொல்லிக்கொண்டே போனது அவள் காதில் விழவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாம் வந்து உட்கார்ந்தது. தண்ணீர். கொழுத்த தண்டு. சாய்ந்தது. குச்சி. விரல். எந்தக் கொட்டு வரக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாளோ, கெட்டில் பிடித்து, கல் ஒதுக்கி, அதை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தவள் அவளே.

இப்போது சொல்லக் கூடாது என்று அறிவு சொன்னது. அரை மணி போகட்டும். ஆனால் இவர் ஒருவேளை, இன்னும் சில நிமிடத்தில் ஒருவேளை, தங்கையைத் திட்டிக்கொண்டே... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"அவ இல்ல" என்றாள். "நான் ஊத்துனேன்."

"என்னது?"

"தண்ணி. நான்தான். நீங்க ஆபீஸ் போனதும். கல்ல நகத்திட்டு, அடியில ஊத்திட்டு, திரும்ப மூடிட்டேன். அவ ஒரு சொட்டு விடல."

அவர் பார்த்தார். முதலில் புரியாத பார்வை. பிறகு அது மாறியது. கழுத்தடியிலிருந்து ஒரு சிவப்பு கிளம்பியது. தொண்டைக்குழி, தாடை, கன்னம். காது மடல்கள் பழுத்த மாதிரி ஆயின. நெற்றி நரம்பு புடைத்தது.

முகம் சிவப்பது. டாக்டரம்மா அதையும் சொல்லியிருந்தார்.

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். மூடியைக் கழற்றியது கை, அவள் இல்லை. "மூச்சு எப்படி இருக்கு?" என்றாள்.

பதில் இல்லை.

"சொல்லுங்க. அடைக்குதா?"

அவர் வாய் இறுகியிருந்தது. கண் அவள்மேலேயே இருந்தது, இமைக்காமல். அந்தச் சிவப்பு எதனுடையது? விஷமா, அவளா? பலகைக்கு முன்னால் ஆயிரமாயிரம் பாட்டில்களைப் பார்த்த கண், இத்தனை பக்கத்தில், முழங்கால் தொடுகிற தூரத்தில், ஒரு முகத்தைப் படிக்கத் தெரியாமல் தவித்தது. அவர் தொடைமேல் பேனாவை வைத்தாள், குத்தவில்லை.

"ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்யுங்க. பேசலன்னா குத்திடுவேன்."

"இது விஷம் இல்ல" என்றார். குரல் தெளிவாக, தாழ்வாக வந்தது. "கோவம். கோவத்துக்கு ஊசி வச்சிருக்கியா?"

பேனாவை எடுத்தாள். மூடி திரும்பப் பொருந்தவில்லை. மேஜையில் அப்படியே வைத்தாள்.

அவர் மூச்சு வேகமாக, ஆனால் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே திட்டு வாங்கினாள். பெரிய திட்டு இல்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. இந்த இரண்டு வருடம் தான் காலையில் படுக்கையை விட்டு எழுந்ததே அந்தக் கல்லுக்குள் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் என்றார். ஒவ்வொன்றாகச் செத்தபோது, தன் கை ராசி இல்லை, தான் தொட்டதெல்லாம் போகும் என்று நினைத்ததைச் சொன்னார். அவளிடம்கூடச் சொல்லாமல் அலுவலகக் கழிவறையில் போய் நின்றதைச் சொன்னார்.

"குனிஞ்சு ஊத்தறப்ப என்ன நினைச்ச?"

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். "ஒண்ணும் நினைக்கல. நினைச்சா கை வராதுன்னு தெரியும். அதான் நினைக்கல."

"நான் சாகக் கூடாதுன்னு."

"ஆமா."

"நீ என்னப் பாத்துக்கல. ஒரு பொணத்தக் காவல் காத்த, இவ்வளவு நாளா. அது இன்னும் பொணம் ஆகல, அவ்வளவுதான்."

அவர் கோபம் கரைய ஆரம்பித்ததும் சிவப்பும் கரைந்தது. காதிலிருந்து, கன்னத்திலிருந்து, மேலிருந்து கீழாக. அது இறங்குவதைப் பார்த்தபடி இருந்தாள். கை மட்டும் கையுறை மாட்டின மாதிரி உப்பிக் கிடந்தது. உதடு உதடாகவே இருந்தது. கடிகாரம் அரை மணியைத் தாண்டி எப்போதோ போயிருந்தது.

"மேல போய் அவகிட்ட சொல்லு" என்றார்.

"சொல்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு—"

"இப்ப போ."

"நீங்க தனியா—"

"ஆமா. தனியா."

அவள் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. கதவருகில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுக்க அரித்தது. திரும்பினால் மறுபடி உட்கார்ந்துவிடுவாள் என்று தெரியும். படியேறினாள். பாதியில் நின்று காது கொடுத்தாள். கீழே நாற்காலி தள்ளும் சத்தம். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம். மேலே ஏறினாள்.

நாத்தனார் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வேனின் கிழிந்த இருக்கை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "கதவு தெறந்துதான் இருக்கு. செருப்ப ஜோடி சேக்கணும்னா வெளியிலேயே சேத்துட்டுப் போங்க" என்றாள்.

அவள் உள்ளே வந்தாள். அண்ணனைத் தேனீ கொட்டிவிட்டது என்றாள் முதலில். ஊசி நூலோடு எழுந்துவிட்டாள் நாத்தனார். ஒன்றுமில்லை, கை மட்டும்தான், நன்றாகப் பேசுகிறார், கொஞ்சம் அதிகமாகவே பேசினார் என்றதும் மெல்ல உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்ப ஏன் இங்க நிக்கறீங்க? அவன் பக்கத்துல இல்லாம?"

"சரளையில இருந்த ஈரம். அது நான்."

நாத்தனார் ஊசியை உறையில் குத்தி நிறுத்தினாள். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போதிலிருந்து? அண்ணன் திட்டியபோது பக்கத்திலேயே நின்றீர்களே, அப்போது? கொடியை அவிழ்த்த அன்றைக்கு? அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை.

"என் கூடப்பொறந்தவன் என்கூடப் பேசி மாசமாச்சு" என்றாள் நாத்தனார். "மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு நினைக்காதீங்க அண்ணி. இன்னிக்கு வராது."

"இன்னிக்கு வேணாம். நான் முழுசா சொல்லி முடிச்சிடறேன், கேளு."

மாடிக் கைப்பிடிக்கு வெளியே முன்வாசல் தெரிந்தது. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கணவர் வெளியே வந்திருந்தார். வீங்கிய கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சரளையில் கிடந்த சணலைத் தேடினார். தேனீக்கள் அவரைச் சுற்றித் தங்கள் பாட்டுக்கு வேலையாக இருந்தன. அவள் கைப்பிடியருகே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அதைத் தாண்டிப் போய், சுவரோரம் நாத்தனாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து வாசல் தெரியாது.

முதல் தடவை ஆறிய தண்ணீரைக் கொட்டியதிலிருந்து ஆரம்பித்தாள். படியோரச் செடி மஞ்சளானபோது தனக்குள் வந்த நிம்மதியைச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது, கீழே அவர் இருமினார்.

ஒரு தடவை.

நாத்தனார் அவளைப் பார்த்தாள். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டிருந்தாள், விரல் வெளுக்க. இன்னொரு இருமல் வருகிறதா என்று அறை முழுக்கக் காத்திருந்தது. தெருவில் அந்த வண்டி ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

"அந்தச் செடி மஞ்சளானதும்" என்று அவள் விட்ட இடத்திலிருந்து சொன்னாள், "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."